சட்டை சரியாக இருந்ததாம்

1

போன திங்கட்கிழமை என் மேலாளரிடம் திட்டு வாங்கினேன். வாங்க வேண்டியதுதான், தப்பு என் மேல்தான். ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை போய்க் குத்திய இடம் இந்த எட்மண்டன் நகரத்தில் இல்லை. மதுரைப் பக்கம், என் ஊரான விளாங்குடியில் இருக்கிறது. ஒரு வாரமாக யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். மனைவியிடம் கத்தியாயிற்று, ஒன்பது வயது மகளிடம் கத்தியாயிற்று. மிச்சம் இருப்பது நீங்கள்தான், ஊரில் இருப்பவர்கள். உங்களிடம்தான் நான் முதலில் கத்தியிருக்க வேண்டும்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகைகளில் என் பெயருக்குக் கீழே "கம்ப்யூட்டர் ஆபீசர், கனடா" என்று போடுகிறார்கள். ஆபீசரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டிராக்டருக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனி. ஏழு ஊர்களில் கிளை, கிளைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றும் பீரோ உயரம். ஏழையும் பார்த்துக்கொள்பவன் நான். பேச்சுக்குத்தான் பார்த்துக்கொள்வது. அதில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. இங்கே ஒரு நிலவறையில் உட்கார்ந்து டெலிபோன் லைன் வழியாக ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, பதில் வாங்கி, கோளாறு இருந்தால் இங்கிருந்தே தட்டிச் சரி செய்ய வேண்டும்.

மெஷினோடு சேர்ந்தாற்போல் ஒரு திரையும் தட்டெழுத்துப் பலகையும் இருக்கும். கன்சோல் என்பார்கள். அதன் முன்னால் போய் உட்கார்ந்தால் மெஷினுக்குத் தலைவலியா வயிற்றுவலியா என்பது நேராகத் தெரிந்துவிடும். சுவிட்ச் கைக்கு எட்டும், விளக்கு கண்ணுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனக்குக் கிடைப்பது மோடம் என்ற சின்னப் பெட்டி. டெலிபோனுக்கும் மெஷினுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். நான் கூப்பிட்டால் முதலில் அதுதான் எடுத்து ஒரு விசில் அடிக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால்தான் மெஷின்.

அந்த மோடத்துக்குத் தனிக் கரண்ட். பின்னாலிருக்கும் மெஷின் செத்துக் கிடந்தாலும் இது பாட்டுக்கு விசில் அடிக்கும். இது இந்தத் தொழிலில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினைப் பார்த்து "நலமா" என்று கேட்கவே கூடாது. மணி என்ன என்று கேட்க வேண்டும். ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடியும் மணி கேட்க வேண்டும். மணி நகர்ந்திருந்தால்தான் மெஷினுக்கு உயிர் இருக்கிறது.

திட்டு வாங்குவதற்கு முந்தின வாரம் எனக்கு அவசரம். வடக்கே நானூறு மைல் தள்ளியிருக்கும் கிளையைக் கூப்பிட்டேன். விசில் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டு நோட்டில் "நலம்" என்று எழுதினேன். மறுநாளும் அதையே செய்தேன், அதற்கு அடுத்த நாளும். மூன்று நாளாக மெஷின் உறைந்துபோய்க் கிடந்திருக்கிறது. தலைமை அலுவலகத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்து அங்கே எல்லாரும் பேப்பரில் பில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மேலாளர் என் நோட்டை என் முன்னாலேயே விரித்து வைத்துக் கேட்டார்: "கதவைத் திறந்தவன் சிரித்தான் என்பதற்காக, உள்ளே இருக்கும் வீட்டுக்காரன் நலம் என்று எழுதிவிடுவாயா?"

எழுதிவிடுவேன் ஐயா. ஒரு முறை ஐந்து மாதம் தொடர்ந்து எழுதியிருக்கிறேன்.

2

என் அய்யா கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். கிணற்று மோட்டார் பழுது பார்ப்பார். ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "பேரிங் போச்சு" என்றால் போச்சுதான், கழற்றிப் பார்த்துச் சண்டை போட்டு ஜெயித்தவன் எவனும் இல்லை.

கோபக்காரர். அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான் எழுபத்தேழில் கிளம்பியபோது மதுரை ரயில் நிலையத்தில் எல்லாரும் அழ, அவர் மட்டும் "பெட்டிய எவன்டா இப்படிக் கட்டுனது, கயிறு லூசா இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார். ரயில் நகரும்போதும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதமும் அப்படித்தான் எழுதுவார். நீல நிற வான்வழிக் கடிதம் முழுக்க வசவாக இருக்கும். முடி ஏன் இவ்வளவு வளர்த்திருக்கிறாய், போட்டோவில் பைத்தியக்காரன் மாதிரி நிற்கிறாய். மூன்று வாரமாக ஏன் கடிதம் இல்லை, கை ஒடிந்துபோச்சா. டெலிபோன் லைன் வழியாக மெஷினைச் சரி செய்யப் படிக்கிறேன் என்று நான் பெருமையாக எழுதினேன். அதற்கு வந்த பதில் இன்னும் மனப்பாடம்: "தொட்டுப் பாக்காம ரிப்பேரா? எவன் காதுல பூச்சுத்துற? கை வைக்காம ஒரு மோட்டார் ஓடுனதா சரித்திரம் இருக்கா? ஒழுங்கா ஒரு தொழிலப் படி."

படித்துவிட்டு எனக்கும் கோபம் வரும். நானும் வெடுக்கென்று நாலு வரி எழுதுவேன். பதினைந்து நாள் கழித்து அதற்கு அவர் நாற்பது வரி எழுதுவார். எட்டாயிரம் மைல் தள்ளி இருந்து நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

3

பிறகு வந்தது காகிதம். இங்கே நிரந்தரமாக இருக்க மனுப் போட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் மனு செத்துப்போகும். போனவர் போனவர்தான்.

அந்த ஆபீசில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுகள் எனக்கு அத்துப்படி. ஒரு தடவை போட்டோவில் காது தெரியவில்லை என்பார்கள். இன்னொரு தடவை பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையே என்பார்கள். எங்கள் பக்கம் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள், "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும் என்று விளக்கினேன். "அப்படியென்றால் இந்த ஆண் குழந்தை நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டாள். முப்பது வயதில், மீசையோடு, அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

ஊரில் என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்தாக நின்ற அய்யாவின் பெயர், இங்கே முழுசாகப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது "மிஸ்டர் பெரியசாமி" என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து "இருக்கிறேன்" என்பேன்.

இந்தக் கூத்தையெல்லாம் ஊருக்கும் எழுதினேன். முடிவு வரும்வரை நகர முடியாது என்பதையும் எழுதினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அடுத்து வந்த கடிதம் தம்பி முருகேசன் கையெழுத்தில் இருந்தது. "அய்யாவுக்குக் கையில் லேசான நடுக்கம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்." கீழே: "அன்பு மகனுக்கு. உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெளியே போகாதே. நீ எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும்."

படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன்! வயசாகிவிட்டது, மனுஷன் இளகிவிட்டார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அதற்கு அடுத்த கடிதமும் அப்படியே இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், நீ செய்தால் சரியாக இருக்கும். மறுமாதமும் அதேதான். ஒரு வசவு இல்லை, முடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மணி கொஞ்சமும் நகரவில்லை. அன்றாடம் மெஷினிடம் இரண்டு தடவை மணி கேட்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

மதுரைக்குப் போன ஒருவர் கையில் அய்யாவுக்குக் கட்டம் போட்ட சட்டை ஒன்று கொடுத்தனுப்பினேன். அளவு சரியாக இருந்ததா என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது: "அய்யாவுக்குச் சட்டை சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மேலூர் கல்யாணத்துக்குப் போனார்கள். எல்லாரும் விசாரித்தார்கள்."

அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது அய்யா செத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்திருக்கிறார். மேலூரிலிருந்து வந்த தாய்மாமன்தான் முடிவு எடுத்தவர். "பெரியவனுக்குச் சொல்லாதீக. சொன்னா அடுத்த பிளேன்ல வந்துருவான். வந்தா அம்புட்டுத்தேன், திரும்பப் போக முடியாது." எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். மூத்தவன் நான் உயிரோடு இருக்க, சின்னவன் கொள்ளி வைத்திருக்கிறான்.

அனுமதிக் காகிதம் வந்த அன்றைக்கே, எதுவும் தெரியாமல், அய்யாவுக்கு எழுதினேன். "உங்கள் பெயரில்தான் முத்திரை குத்தியிருக்கிறார்கள், இனி வரலாம் போகலாம், வந்து உங்களை அழைத்துக்கொண்டு வருகிறேன்" என்று ஆடம்பரமாக எழுதினேன். அதற்குப் பதில் மாமாவிடமிருந்து வந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

4

போனேன். யாருடனும் பேசாமல் நேராக முருகேசனைப் பிடித்தேன். கப்பலூர் பட்டறையில் அய்யா இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பேல்லண்ணே?"

"வந்திருப்பேன்."

"வந்திருந்தா திரும்பப் போயிருக்க முடியுமா?"

"அத நான்டா முடிவு பண்ணணும்! நீ யார்றா முடிவு பண்ண? உங்க மாமன் யாரு?"

அவன் கையிலிருந்த மோட்டார் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"செத்த மனுசன மேலூர் கல்யாணத்துக்கு அனுப்பி வச்சியேடா! சட்டை சரியா இருந்துச்சுன்னு எழுதினியே, கை கூசல? யாருக்குடா சரியா இருந்துச்சு?"

"எனக்குண்ணே" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, கிரீஸ் கறையோடு, காலர் நைந்துபோய் அவன் உடம்பில் இருந்தது. கல்யாணத்துக்குப் போனதும் அவன்தான். சட்டையை விசாரித்ததும் நிஜம்தான். அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் பொய்.

அதற்கு மேல் அவனை அடிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. ஒரு வருஷம் நான் வீட்டுக்கு எழுதவில்லை.

ஊரில் இருப்பவர்களே, இதை நீங்கள் பாசம் என்கிறீர்கள். "பாவம், அங்க தனியாக் கெடக்கான், தெரிஞ்சா மனசு சங்கடப்படுவான்" என்று ஒரு தெருவே கூடி வாயை மூடிக்கொள்கிறீர்கள். எங்களுக்கு இங்கே கன்சோல் கிடையாது. உங்கள் வாய்தான் எங்களுக்கு வழி. அந்த வழியை அடைத்துவிட்டு, வாசலில் ஒரு விசிலை வைத்துவிட்டுப் போகிறீர்கள். உங்கள் பாசத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

5

என் மகள் கயல் இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் வயிற்றுவலி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கு வெட்கம், நான் வாசலில் நிற்காமல் தெருமுனையில் நிற்க வேண்டுமாம். சோற்றில் ரசம் ஊற்றினால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். நானும் அவள் அம்மாவும் தமிழில் சண்டை போட்டால் மட்டும் எல்லாம் புரிகிறது.

தமிழில் ஒழுங்காகப் பேசுவது அவளுடைய அப்பத்தாவிடம் மட்டும்தான், அதாவது என் அம்மாவிடம். விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு எதிரில் அழகர் அண்ணன் மளிகைக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே டெலிபோன் வந்தது. இங்கே சனிக்கிழமை சாயங்காலம் நான் கூப்பிட்டால் அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அழகர் அண்ணன் கடையிலிருந்து குரல் கொடுப்பார், அம்மா வருவாள். எனக்கு மூன்று நிமிஷம், கயலுக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் என்ன பேசுகிறாள் என்று நான் கவனித்ததில்லை. அந்த நேரத்தில் நான் செருப்பைத் தேடிக்கொண்டோ தொலைக்காட்சியை அணைத்துக்கொண்டோ இருப்பேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். நடுவில் ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். அது வேறு கதை.

6

மேலாளரிடம் திட்டு வாங்கிய அந்த வாரத்துச் சனிக்கிழமை, அதாவது நேற்று முன்தினம், வழக்கம்போலக் கூப்பிட்டேன். கடையில் காத்திருந்த முருகேசன் எடுத்தான்.

"அம்மா எங்கடா?"

"கோயிலுக்குப் போயிருக்காகண்ணே."

போன வாரமும் கோயில். அதற்கு முந்தின வாரமும் கோயில். மூன்று வாரமாக விசில் மட்டும் கேட்டுக்கொண்டு "நலம்" என்று எழுதியிருக்கிறேன்!

"எந்தக் கோயில்?"

"பெருமாள் கோயில்தேன்."

"போன வாரம் மாரியம்மன்னு சொன்ன."

"அது... ரெண்டுக்குந்தேன் போவாக."

"முருகேசா, அம்மா நல்லா இருக்காகளான்னு நான் கேக்கல. இந்த வாரம் என்னைய என்னன்னு திட்டுனாக? அத மட்டும் சொல்லு."

கடையில் யாரோ துவரம்பருப்பு விலை கேட்பது கேட்டது. தராசுத் தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"சொல்றா!"

"அண்ணே... அம்மா விழுந்துட்டாக. கால்ல மாவுக்கட்டு. மூணு வாரம் ஆச்சு. வேற ஒண்ணுமில்லண்ணே, சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

"நீ சத்தியம் பண்ணாத! உன் சத்தியம் எனக்குத் தெரியும். அய்யாவையே கல்யாணத்துக்கு அனுப்பினவன்தானடா நீ! நாளைக்கு இதே நேரம் கூப்பிடுவேன். அம்மா குரல் எனக்குக் கேக்கணும். எப்படிக் கேக்க வைப்பியோ, எனக்குத் தெரியாது."

ஃபோனை அறைந்து வைத்தேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"டேய் பெரியவனே! உனக்கென்ன கிறுக்காடா புடிச்சிருக்கு? நாற்காலியில என்னைய வச்சு நாலு பேரு தூக்கிட்டு வாராய்ங்க, தெரு பூராம் நின்னு வேடிக்கை பாக்குது. நான் என்ன உற்சவத்துச் சாமியா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன, வாயத் தொறக்க மாட்டேங்குற? கூப்பிட்டு விட்டுட்டுக் கம்முனு இருந்தா என்ன அர்த்தம்? அங்கிட்டு லைன் இருக்கா இல்லையாடா?"

இரண்டாவது தடவையும் திட்டிவிட்டாள். மணி நகர்ந்திருந்தது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா மறைச்சீக? அய்யா விசயத்துலதேன் மறைச்சீக. பட்ட பிறகும் புத்தி வரலயா? நான் என்ன மூணாம் மனுசனா? இங்க ஒருத்தன் இருக்கான்னு நெனப்பே இல்லையா உங்களுக்கு?"

எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியவில்லை. அவள் குறுக்கிடவே இல்லை. நான் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"முடிச்சிட்டியா? இப்ப நான் கேக்குறேன். போன வருசம் ஆறு மாசம் வேலையில்லாம வீட்டுல கெடந்தியே, நீ சொன்னியா?"

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"மாசா மாசம் எழுதுனியேடா, 'வேலை நல்லபடியாகப் போகிறது, மேலாளர் மெச்சிக்கொண்டார்'னு. சின்னவன் வாசிச்சான், நானும் கேட்டேன். எந்த மேலாளர்டா? எந்த ஆபீசு? வீட்டுல உக்காந்துக்கிட்டு எவன் மெச்சுனான் உன்னைய?"

"உங்களுக்கு எப்படிம்மா...?"

"புள்ள சொல்லுச்சு. அப்பா என்ன பண்றாருன்னு கேட்டேன். 'அப்பா வேலைக்குப் போகல, சோபாவில படுத்திருக்காரு'ன்னுச்சு. நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒவ்வொரு வாரமும் அந்தப் புள்ளகிட்டத்தேன் கேட்டுக்கிருவேன்."

திரும்பிப் பார்த்தேன். கயல் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொய் சொல்லுகிற அளவுக்குத் தமிழ் வராது. "கோயிலுக்குப் போயிருக்காக" என்று சொல்லத் தெரியாது. "நலம், நலமறிய ஆவல்" தெரியாது. கேட்டால் இருப்பதைச் சொல்லும் அளவுக்கு மட்டும்தான் வரும். அந்தத் தமிழைத்தான் போதாது போதாது என்று நான் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி, இப்பச் சொல்லு" என்றாள் அம்மா. "வேல இருக்கா?"

"இருக்கும்மா. சத்தியமா இருக்கு. போன திங்கக்கிழமகூட மேலாளர்கிட்ட..."

"நீ சத்தியம் பண்ணாத. ஃபோனப் புள்ளகிட்டக் குடு."

கொடுத்தேன். கயல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என்னை ஏறிட்டுப் பார்த்தபடியே பேசினாள்.

"ம்... போறாரு அப்பத்தா. தினம் போறாரு... இல்ல, எப்பவும் கோவமா இருக்காரு. நேத்து பாத்ரூம்ல அழுதாரு."

நான் ஃபோனைத் திரும்ப வாங்கவில்லை.